தனி வழிப்போக்கனும் தூங்கா நகரமும்

ஊர் காணும் விருப்பம் மக்கள் யாவர்க்கும் இயல்பாயுள்ளதொன்று. சுற்றமும் நண்பரும் சூழப் புறப்படுவோர் தம் ஊரின் ஒரு பகுதியையே உடன்கொண்டு செல்வர். தனித்துச் செல்வோனுக்கோ வழி கேட்பதற்கும், உண்ண உணவு பெறுவதற்கும், இரவிற் படுக்க இடம் தேடுவதற்கும் அயலாரையன்றித் துணையில்லை. ஆதலின், ஒரு நகரத்தின் பெருமையை அளந்தறிய விரும்புவார் அதன் மாடங்களையும் அங்காடிகளையும் மட்டும் கண்டு அமைதல் சாலாது. அறிமுகமற்ற ஒருவன் தனியே அதன் வாயிலுட் புகுங்கால், அந்நகரம் அவனை எங்ஙனம் நடத்துகின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

மேனாட்டு யாத்திரை நூல்களில் மதுச்சாலைகளாற் பெயர்பெற்ற நகரங்களைப் பற்றிய வருணனைகள் மிகுதியும் காணப்படும். இலண்டனும் டப்ளினும் அவற்றுள் தலையாயவை. இரவெல்லாம் விளக்கெரியும் வீதிகளும், புதியவனையும் ஒரு நொடியில் நண்பனாக்கும் மதுச்சாலைகளும் அந்நூல்களிற் சிறப்பித்துக் கூறப்படும். இத்தகைய நகரமொன்று நம் பழந்தமிழ் நூல்களிலும் உண்டு. அது நம் மதுரை மாநகரமே. அந்நகர்க்குத் தனியே சென்றோர் கண்டதையும் பட்டதையும் நூல்வழியே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வழியும் வழிகாட்டியும்

வழிப்போக்கனுக்கு வழிகூறுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த பெருமை தமிழ்மொழிக்கு உண்டு. வள்ளலொருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்பட்ட வறியவனை அவ்வள்ளலிடம் ஆற்றுப்படுத்தும் முறையில் அமைந்தது ஆற்றுப்படையாகும். பத்துப்பாட்டின் பத்து நூல்களுள் ஐந்து இவ்வகையைச் சார்ந்தவை. எவ்வழிச் செல்லலாம், எவ்வூரில் யார் என்ன உணவு இடுவர், எவ்விடத்தில் அஞ்சி நடத்தல் வேண்டும் என்பனவற்றை அவை விரித்துரைக்கின்றன. முன்பின் அறியாத ஒருவனுக்கு வழியிலுள்ளார் சோறிடுவர் என்ற நம்பிக்கையே இந்நூல்களுக்கெல்லாம் அடிப்படை.

சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிலும் இவ்வாறு வழிகூறும் பகுதி உண்டு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குச் செல்லும்போது எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையோன், கொடும்பாளூர்க் குளக்கரையிலிருந்து மதுரைக்குச் செல்லும் மூன்று நெறிகளை விளக்குகின்றான். அவற்றுள் வலப்பக்கத்து நெறியிற் செல்வார் சிறுமலையைக் காண்பர் என்றும், அம்மலையை வலப்புறமாகக் கொண்டு நடந்தால் மதுரையை அடையலாம் என்றும் கூறுகின்றான். வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ்ந்த மலையென அவன் அதனைப் புகழ்கின்றான். எம்மூராகிய நிலக்கோட்டையில் நின்று கிழக்கே நோக்குவார்க்கு இன்றும் அச்சிறுமலைத் தொடர் தோன்றும். மறையோன் கூறிய வழி மலைக்குக் கீழ்ப்புறத்தது, எம்மூர் மேற்புறத்தது. அவன் குறித்த வாழை இன்றும் அம்மலையின் தனிச்சிறப்பாக விளங்கிப் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

எம்மூர்ச் சந்தையில் மல்லிகை முதலிய மலர்கள் குவியும். மதுரைக்கும் எம்மூர்க்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் பூவின் தொடர்பும் பேருந்தின் தொடர்புமே. காலையில் வண்டியேறினால் முற்பகலுக்குள் அந்நகரை அடைந்துவிடலாம். அவ்வளவு அணுக்கமாயிருந்தும், மதுரைக்கு முதன்முறை தனியே செல்லும் இளைஞனுக்குப் பெற்றோர் கூறும் அறிவுரைகள் பலவாம். பணத்தைப் பத்திரமாக வை. முகமறியாதவரிடம் பேச்சுக் கொடாதே. குடித்தவர் இருக்குமிடத்தை விட்டு விலகிச் செல் என்பர். இவ்வறிவுரைகள் மிகப் பழையன என்பது பின்னர் விளங்கும்.

கொடி பறக்கும் கடைகள்

பண்டை மதுரையின் ஒரு பகலையும் ஓரிரவையும் முழுமையாக எடுத்துரைக்கும் நூல் மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் பாடிய இது 782 அடிகளைக் கொண்டு, பத்துப்பாட்டுள் மிக நீண்டதாய்த் திகழ்கின்றது. அந்நகரின்கண் பறந்த கொடிகளை எண்ணுமிடத்து, விழாக் கொடியும் வெற்றிக் கொடியும் போலக் கள் விற்குமிடத்தைக் காட்டும் கொடியும் பறந்ததாகப் புலவர் கூறுகின்றார். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையிலும் கள்ளுக்கடைக் கொடி இடம்பெறுகின்றது.

கொடி எதற்காக? எழுத்தறியாதவனும், வேற்றுமொழி பேசுவோனும், ஊருக்குப் புதியவனும் இஃது இன்ன கடையென்று தொலைவிலிருந்தே அறிவதற்காகவாம். இங்கிலாந்திலும் இதுபோன்றதொரு வழக்கம் இருந்தது. இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில், 1393-ஆம் ஆண்டில், ஏல் என்னும் மதுவை விற்போர் தம் கடைமுன் அடையாளப் பலகை தொங்கவிடுதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அங்கே அது சட்டத்தால் வந்தது. இங்கே வாணிகர் வழக்கமாக நின்றது. இவ்வேற்றுமை ஒருபுறமிருக்க, இரண்டும் வழிப்போக்கனை நோக்கி எழுந்த அடையாளங்களே.

அக்காலத்து மது வகைகளும் பலவாம். பனையினின்றும் தெங்கினின்றும் இறக்கிய கள் ஒன்று. நெல்லினின்று வடித்த கள்ளுக்குத் தோப்பி என்பது பெயர். தெளிந்த மதுவைத் தேறல் என்பர். மூங்கிற் குழாயிலிட்டு முதிர வைத்த தேறலும் மலைநாட்டில் உண்டு. இவற்றின் மேலாக யவனர் கலங்களிற் கொணர்ந்த நறுமணத் தேறலும் இருந்தது. அதனைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி உண்ணுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் பாடல் புறநானூற்றில் உள்ளது. இது புலவர் கற்பனையன்று. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்பார் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது நிரப்பி வந்த இருகைச் சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன.

சங்க காலத்தார் கள்ளைப் பழித்திலர். அஃது அவர்க்கு விருந்தோம்பலின் ஓர் உறுப்பாயிருந்தது. சிறிதளவு கள் கிடைப்பின் அதனை எமக்கே தந்துவிடுவான் என்று இறந்துபோன அதியமானை நினைந்து ஔவையார் இரங்குகின்றார். பகிர்ந்துண்ணும் பண்பே ஆண்டுப் பாராட்டப்பெறுகின்றது. திருவள்ளுவர் காலத்தில் நோக்கு மாறிவிட்டது; கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்து, பத்துக் குறட்பாக்களால் அவர் அதனைக் கடிகின்றார். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் களிமகன் ஒருவன் சமண முனிவரை வழிமறித்து, தெங்கின் தேறலில் உயிர்க்கொலை உண்டோ எனக் கேட்டு எள்ளுகின்றான். விருந்தின் பொருளாயிருந்த கள், வீதியில் நடப்போனை வழிமறிக்கும் பொருளாக மாறியதை இம்மூன்றும் முறையே காட்டுகின்றன.

நான்கு யாமமும் விழித்த நகர்

மதுரையைத் தூங்கா நகரம் என்று இன்று யாவரும் கூறுகின்றோம். இப்பெயர்க்குரிய இயல்பு மதுரைக்காஞ்சியிலேயே உள்ளது. பகற்பொழுதில் நாளங்காடி, மாலை மயங்கியதும் அல்லங்காடி. அல்லங்காடியின் ஆரவாரம், கூடடைய வரும் பலவகைப் பறவைகளின் ஒலியை ஒத்திருந்ததாம். முதல் யாமம் கழிந்ததும் கடைகள் அடைபடுகின்றன. மெல்லிய அடையும் மோதகமும் செய்து விற்கும் கூவியர் தம் பண்டங்களின் பக்கத்திலேயே அமர்ந்தபடி உறங்கிவிழுகின்றனர். இக்காலத்து மதுரையில் நள்ளிரவில் இட்டிலிக் கடைகளைக் கண்டார்க்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது.

மூன்றாம் யாமத்தில், இடுப்பில் நூலேணி சுற்றிய கள்வர் இருளோடிருளாய்த் திரிகின்றனர். அவர்தம் சூழ்ச்சிகளையெல்லாம் கற்றறிந்த ஊர்க்காவலர், மழை பெய்து தெருவெல்லாம் நீர் ஓடும் இரவிலும் காவலிற் சோராமல் வருகின்றனர். விடியலில் வேதம் ஓதும் ஒலியும் யாழ் பண்ணும் ஒலியும் எழும்போது, கள் விற்போர் விலை கூறும் ஒலியும் உடன் எழுகின்றது. ஓண நன்னாளில் மறவர் கடுங்கள்ளை உண்டு களித்துத் திரிந்ததையும் புலவர் மறைக்கவில்லை.

ஈண்டு ஓர் உண்மை நோக்கத்தக்கது. காஞ்சி என்பது நிலையாமை கூறும் திணை. மன்னனுக்கு நிலையாமையை உணர்த்த எழுந்த பாட்டு, அவன் மகளிர் ஏந்திய தேறலை உண்டு நாளும் மகிழ்ந்து வாழ்க என்னும் வாழ்த்தோடு முடிகின்றது. மது, காவல், களிப்பு, நிலையாமை ஆகிய நான்கும் ஒரே நகரத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தன என்பதைப் புலவர் உணர்ந்தேயிருந்தார்.

கண்டு மகிழ்ந்தவனும் கொலையுண்டவனும்

மதுரையைத் தனியே சுற்றிப் பார்த்தோருள் நாம் நன்கறிந்தவன் கோவலன். ஊர்காண் காதையில் அவன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் புறஞ்சேரியில் விட்டு, நகருட் செல்கின்றான். வாளேந்திய யவனக் காவலர் ஐயுறா வண்ணம் கோட்டை வாயிலைக் கடக்கின்றான். பரத்தையர் வீதி, மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூலவீதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் காண்கின்றான். பொற்கடை வீதியில் இன்ன பொன் இங்குள்ளது என்று அறிவிக்கவும் கொடிகள் உயர்ந்திருந்தன. புகார் நகரத்து வணிகனாகிய அவன் இவற்றைக் கண்டு மகிழ்ந்து, மீண்டு வந்து நகரைப் புகழ்கின்றான். அன்று அவன் கையில் விற்கும் பொருள் யாதுமில்லை. யாரிடமும் எதையும் வேண்டவுமில்லை. காண வந்தவனுக்கு நகரம் தன் அழகையெல்லாம் காட்டிற்று.

மறுநாள் அவன் மீண்டும் தனியே செல்கின்றான். இப்போது கையில் ஒரு சிலம்பு உள்ளது. பிழைப்பைத் தேடிவந்த அயலானாக அவன் அங்காடியில் நிற்கின்றான். எதிர்ப்பட்ட பொற்கொல்லனை நம்பிச் சிலம்பைக் காட்டுகின்றான். அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன் அக்குற்றத்தை இவன்மேல் ஏற்றிவிடுகின்றான். ஊடிய கோப்பெருந்தேவியின் கோயிலை நோக்கி விரைந்த பாண்டியன், ஆராயாது ஆணையிட்டுவிடுகின்றான்.

கொலைக்களக் காதையில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இதன்பின் வருகின்றது. வந்த காவலர் உடனே அவனைக் கொன்றுவிடவில்லை. இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்று அவர்கள் தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை எடுத்தோதுகின்றான். காவலருள் இளையோன் ஒருவன் தான் முன்பு கண்ட கள்வனொருவனின் திறத்தைச் சொல்கின்றான். இன்னும் சற்று நேரம் பேச்சு நீண்டிருப்பின், ஐயம் தெளிவாக மாறியிருக்கக் கூடும். அந்நேரத்தில், கல்வியறிவற்ற களிமகன் ஒருவன் தன் கையிலிருந்த வாளை எறிந்துவிட்டான். கோவலன் உடல் துணிபட்டு வீழ்ந்தான்.

இளங்கோவடிகள் அக்கொலைஞனுக்குப் பெயர் தரவில்லை. களிமகன் என்ற ஒரு சொல்லே அவனுக்கு அடையாளம். பொற்கொல்லனின் வஞ்சனையும் மன்னனின் விரைவும் ஊழும் கொலைக்குக் காரணங்களாயினும், வாள் பறந்தது மதுவுண்டவன் கையினின்றே. ஆராய்ந்து தயங்கியோரின் அறிவை ஆராயும் ஆற்றலிழந்தவனின் கை முந்திக்கொண்டது. கோவலனுக்காக, இவன் இன்னான், இவனை யான் அறிவேன் என்று கூறுவார் அங்கே ஒருவரும் இல்லை. தனி வழிப்போக்கனுக்கு நேரக்கூடிய பேரிடர் இதுவேயாகும்: அவனுக்குச் சான்று கூற ஆளில்லாமை. அந்நகரம் அன்றும் ஆரவாரத்தோடுதான் இருந்தது. கொடிகள் பறந்தன; அங்காடிகள் நிறைந்திருந்தன. நீதி மட்டும் ஒருகணம் உறங்கியது.

பின்னர்க் கண்ணகி எஞ்சிய சிலம்போடு தனியே அதே நகருட் புகுந்து, மன்னன் அவையில் வழக்குரைத்ததும், தன் தவற்றையுணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர்நீத்ததும், நகர் தீப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

டப்ளின் நகரத்து ஒப்புமை

மேனாட்டு இலக்கியத்தில் மதுச்சாலை நகரத்தில் அலையும் தனியன் ஒருவனைப் பற்றிய பெருநூல், அயர்லாந்து நாட்டு ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதி 1922-இல் வெளியிட்ட யுலிஸஸ் என்னும் நாவல். 1904-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாளில் லியோபோல்டு புளூம் என்பான் டப்ளின் நகரெங்கும் சுற்றித் திரிவதே அதன் கதை. அவன் யூத மரபினன். அந்நகரிலேயே பிறந்தவனாயினும் பலர் கண்ணுக்கு அயலானாகவே தோன்றுகின்றான். நண்பர் ஒருவரைத் தேடி அவன் ஒரு மதுச்சாலையுட் செல்கின்றான்; மதுவை மறுத்து ஒரு சுருட்டை மட்டும் ஏற்றுக்கொள்கின்றான். அங்கே குடித்துக்கொண்டிருந்த ஒருவன், நீ எந்நாட்டான் என்ற வினாவில் தொடங்கி வசைமாரி பொழிந்து, முடிவில் வெளியே ஓடிவந்து பிஸ்கோத்துத் தகரப்பெட்டியை அவன்மேல் வீசி எறிகின்றான். குறி தவறுகின்றது, புளூம் பிழைக்கின்றான்.

மதுரையில் வாள்; டப்ளினில் தகரப்பெட்டி. ஒன்று அவலம், மற்றது நகை. காலத்தாலும் மொழியாலும் இவ்விரு நூல்களும் மிகவும் சேய்மையில் உள்ளன. எனினும் இரண்டிலும் கண்ட உண்மை ஒன்றே. மதுச்சாலையின் தோழமை, உள்ளே இருப்போரை ஒருவரோடொருவர் பிணிக்கின்றது. அப்பிணிப்பே சிலவேளைகளில், புறத்தே நிற்கும் புதியவனைப் பகைவனாகக் காணவும் தூண்டிவிடுகின்றது. இது மதுச்சாலைகள் அனைத்தின் இயல்பென்று கூறுதல் நடுநிலையாகாது. ஆங்கிலக் கவி சாசரின் காண்டர்பரிக் கதைகளில், ஒருவரையொருவர் அறியாத யாத்திரிகர் பலர் சதர்க்கு என்னுமிடத்து டபார்டு விடுதியிற் கூடி, விடுதித் தலைவனின் நயவுரையால் ஒரே குழுவாகின்றனர். விடுதி நடத்துவோனின் பண்பும், நகரத்தின் நீதியும் சேர்ந்தே அவ்விடத்தின் தன்மையை வகுக்கின்றன.

ஓடேந்திய விருந்தாளி

மதுரைக்குத் தனியே வந்த மற்றுமொருவன் வரலாற்றை மணிமேகலை கூறுகின்றது. அவன் ஆபுத்திரன். வேள்விக்கென்று கட்டப்பட்ட பசுவை விடுவித்ததனால் ஊராரால் துரத்தப்பட்டு, கையில் ஓர் ஓட்டோடு அவன் தென்மதுரையை அடைந்தான். சிந்தாதேவியின் கோயிலை அடுத்த அம்பலமே அவனுக்குத் தங்குமிடமாயிற்று. நாள்தோறும் வீதிகளில் இரந்து பெற்ற உணவைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாக்கி உறங்கினான். மழை பெய்த நள்ளிரவொன்றில் வழிநடை வருந்திய சிலர் பசியோடு வந்து அவனை எழுப்பினர். கொடுக்க ஒன்றுமின்றி அவன் கலங்கியபோது, சிந்தாதேவி அமுதசுரபியை அவன் கையில் அளித்தாள் என்பது கதை.

கோவலன், ஆபுத்திரன் ஆகிய இருவரும் அயலார்; இருவரும் தனியர். ஒருவனை அங்காடி கொன்றது. மற்றவனை அம்பலம் காத்தது. ஆபுத்திரன் இரந்த ஓட்டில் சோறிட்டவர்களும் அந்நகரத்து மக்களே என்பதை நாம் மறத்தலாகாது. அம்மரபு பிற்காலத்தும் தொடர்ந்தது. இன்று மதுரைப் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே காணப்படும் மங்கம்மாள் சத்திரம், ஊர் தெரியாது வந்திறங்குவோனுக்குத் தங்க இடம் வேண்டும் என்ற எண்ணத்தின் நினைவுச்சின்னமாக நிற்கின்றது.

இக்காலத்திற்கு ஏற்புடையது

மதுவைப் பற்றிய நம் நாட்டுச் சட்டங்கள் பன்முறை மாறியுள்ளன. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில், இராஜகோபாலாச்சாரியார் முதலமைச்சராயிருந்தபோது, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கப்பெற்றது. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971-இல் விலக்கு நீக்கப்பட்டு, 1974-இல் மீண்டும் வந்து, 1981-இல் மறுபடியும் நீங்கியது. 1987 முதல் கள்ளுக்குத் தடை இருந்துவருகின்றது. 2003-ஆம் ஆண்டு முதல் ஏனைய மதுவின் சில்லறை விற்பனையை அரசின் வாணிபக் கழகமே நடத்துகின்றது. கடையைத் திறப்பதா மூடுவதா என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. கடை திறந்திருந்த காலத்திலும் மூடியிருந்த காலத்திலும் நகரங்கள் விடையிறுக்க வேண்டிய வினா ஒன்றுண்டு. முன்பின் அறியாத ஒருவன் இரவில் வீதி வழியே அச்சமின்றி நடக்கலாகுமா? அவன்மேல் பழி சுமத்தப்படின், ஆராய்ந்து கேட்பார் உளரோ? தனியே வரும் பெண்ணொருத்தி வழி கேட்டால் நேரிய விடை பெறுவாளோ?

இவ்வினாக்களுக்கு நகராண்மைக் கழகமும் காவல் துறையும் மட்டும் விடை தந்துவிட இயலாது. நண்பர்காள்! நம்மிற் பலர் சிற்றூர்களினின்று வந்து, கல்லூரியுள்ள நகரில் முதலாண்டில் தனியராய் நின்றவரே. இனிப் பணி தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் செல்லுங்கால் மீண்டும் தனியராவோம். ஆங்கெல்லாம் நம்மை யாரேனும் நம்புதல் வேண்டும் என்று விரும்புவோம். அவ்வாறாயின், நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் மூட்டையோடு நின்று முகவரிச் சீட்டை நீட்டும் வடநாட்டுத் தொழிலாளியையும், புதிதாய் வந்து விடுதி வாயிலில் தயங்கி நிற்கும் மாணவனையும் நாம் நம்பிப் பேசுதல் முறையன்றோ? கூட்டத்தில் ஒருவன்மேல் திருட்டுக் குற்றம் கூறிக் கை ஓங்கப்படும்போது, சற்றுப் பொறுங்கள், கேட்டறிவோம் என்று கூறும் துணிவு நம்மில் ஒருவர்க்கேனும் வேண்டும். அன்று மதுரைக் காவலர் அத்தயக்கத்தை இன்னும் சிறிதுநேரம் நீட்டித்திருப்பின் கோவலன் பிழைத்திருப்பான்.

நகரத்தின் விளக்குகள் பலவாயிருத்தல் சிறப்பே. அங்காடிகள் நள்ளிரவிலும் விழித்திருத்தல் அதனினும் சிறப்பே. அவற்றோடு, தனியே வந்தவன் பொருட்டு விழித்திருக்கும் நீதியும் உடனிருப்பின், அந்நகரமே தூங்கா நகரம் என்னும் பெயர்க்கு முற்றும் உரியதாகும்.